பின்பக்கம் நின்ற மழைத்தண்ணீர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்று காலை நின்றவர்கள்:

முதலாளி. கையில் குடை. மழை இல்லை. வெயிலுக்கு.

வாசுகி மிஸ். போட்டின் வரைபடம் கீறியவர். ஆண்கள் போடும் நீளக்கைச் சேட்டு, பொக்கற்றில் அளவு நாடா.

கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர். வேகம் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று கழுத்தில் தொங்கியது.

இராசன். நெடுந்தீவுக்காரன். போட்டைப் பொறுப்பெடுத்து ஓட்டப் போகிறவன்.

சீலன். எங்கள் போட் கட்டும் யார்ட்டில் பைபர் ஒட்டுகிறவன். வாய்க்காரன்.

ஸ்ரெச்சரில் எழுபது கிலோ மண்மூட்டை. நோயாளிக்குப் பதிலாக. சீலன் அதற்கு மாமா என்று பேர் வைத்திருந்தான்.

நான். தவராசா. யார்ட்டின் போர்மன்.

போட் இருபத்தெட்டு அடி. நெடுந்தீவிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவரக் கட்டியது. பின்னுக்கு இரண்டு இஞ்சின். கடலில் வேகத்தை நொட் கணக்கில் சொல்வார்கள். முழுப் பாரத்தோடு முப்பது நொட் ஓட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இராசனும் மிஸ்ஸும் பரிசோதகரும் ஏறினார்கள். மாமாவை முதலே கட்டிவிட்டிருந்தோம். நான் ஏறவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. முப்பது வருஷம் போட் கட்டியவனுக்கு நீந்தத் தெரியாது என்பது யார்ட்டில் பழைய பகிடி.

கரையிலிருந்து பார்த்தாலே எனக்கு விளங்கியது. வேகமாக ஓடும் போட் அணியத்தைத் தூக்க வேண்டும். அதாவது முன்பக்கம் தண்ணீரை விட்டு எழும்ப வேண்டும். இது எழும்பவில்லை. மாடு தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிற மாதிரி ஓடியது. இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர் மாதிரி நின்றது. திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து வந்தது. முன்பக்கம் குத்தியது. போட் தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பியது. இராசன் வேகத்தைக் குறைத்துக் கட்டுக்குள் கொண்டுவந்தான்.

கரைக்கு வந்ததும் பரிசோதகர் சொன்னார், "இருபத்துநாலு."

சீலன் உள்ளே எட்டிப் பார்த்தான். கட்டு அறுந்து மூட்டை தரையில் கிடந்தது.

"மாமா விழுந்திட்டார்," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. இராசன் மட்டும் சொன்னான், "மூட்டை எண்டபடியாலை பிழைச்சுது."

இது நடந்து சில வருஷம். நான் போன வருஷம் வேலையை விட்டேன். இப்போது சீலன்தான் போர்மன். யார்ட்டில் புது முறை வந்திருக்கிறது. போட்டை வார்த்தெடுக்கும் அச்சுக்கு மேல் பொலித்தீன் விரித்துக் காற்றை உறிஞ்சி, ரெசின் என்கிற பசையைத் தானாக ஓட வைக்கிறார்கள். றோலரோடு குனிந்து நிற்கத் தேவையில்லை. போன மாதம் சீலன் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, புதுசா வந்ததுகள் கேக்குதுகள், என்னத்துக்கு எங்கடை யார்ட்டிலை நல்ல நாள் பாத்து அச்சிலையிருந்து போட் எடுக்கிறேல்லை எண்டு. நான் சொன்னால் பகிடி எண்டு நினைக்குதுகள். நீங்கள் எழுதித் தாங்கோ."

"எனக்கு எழுத வராது."

"கதைக்கவும் வராது. எழுத்திலையாவது முயற்சி செய்யுங்கோ."

ஆகவே எழுதுகிறேன்.

நான் கரவெட்டிப் பக்கம். தோட்டக் குடும்பம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறுகிற வேலை. பிறகு கலியாணம் பருத்தித்துறைப் பக்கம். மாமனார் மரவள்ளம் கட்டுகிறவர். அவரோடு போனேன். மரம் இழைத்தேன். பிறகு பைபர் வந்தது. கடற்கரையில் ஒருவர் யார்ட் போட்டார். அவரிடம் போனேன். இடையில் பல இடம் ஓடினோம், திரும்பி வந்தோம். அதைப் பற்றி எழுத இது இடம் இல்லை. யார்ட்டில் என்னைத் தோட்டக்காரன் என்று கூப்பிட்டார்கள். போர்மன் ஆன பிறகும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான்.

மீன்பிடி வள்ளம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். அது தண்ணீரை வெட்டிக்கொண்டு போவது. கொஞ்சம் வளைந்தாலும் ஓடும். வேகப் போட் வேறு சாதி. அது தண்ணீருக்கு மேல் ஏறி ஓட வேண்டும். ஓடும்போது அடியில் பின்பக்க மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரில் படும். அந்த ஒரு பங்கு நேர்கோடாக இருக்க வேண்டும். முன்னுக்கு என்ன அழகு செய்தாலும் பரவாயில்லை. பின்னுக்குக் கோடு பிழையானால் போட்டே பிழை.

இதை எனக்குச் சொன்னவர் வாசுகி மிஸ். எனக்கு மகள் வயது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். நல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து யார்ட்டுக்கு நடந்து வருவார். முதல் நாள் வந்தவர் யாரோடும் கதைக்கவில்லை. நாங்கள் கட்டி வைத்திருந்த ஒரு போட்டைச் சுற்றி நடந்தார். உள்ளங்கையை அடியில் வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். அடியில் நீளமாக ஓடும் வரம்புகள் உண்டு. தண்ணீரை வெளியே எறிவதற்கு. அந்த வரம்பின் விளிம்பில் விரலை வைத்து நின்றார்.

"இதை ஆர் உரஞ்சினது?"

"நான்தான், மிஸ்."

"ஏன் உருட்டி விட்டனீங்கள்?"

"வடிவா இருக்குமெண்டு."

"விரல் வெட்டுப்படுகிற மாதிரி இருக்கோணும், அண்ணை. உருண்டால் தண்ணி அதைப் பிடிச்சுக்கொண்டு மேலை ஏறும். உங்களுக்கு முகம் நனையும், போட்டுக்கு வேகம் குறையும்."

அந்தப் போட்டை ஓட்டினவன் நனைந்துபோய் வந்து எங்களைத் திட்டினது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அடுத்த போட்டில் விளிம்பைக் கூராக விட்டேன். நனையவில்லை.

மிஸ் சத்தம் போட மாட்டார். பிழை என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டது குறைவு. அளவு எடுக்கும்போது அவரிடம் ஒரு பழக்கம். முதல் தானே அளப்பார். தாளில் எழுதித் தாளைக் கவிழ்த்து வைப்பார். பிறகு என்னை அளக்கச் சொல்வார்.

"உங்கடை எண் முதல்."

நான் சொல்வேன். பிறகுதான் தாளைத் திருப்பிக் காட்டுவார். இரண்டும் ஒன்றானால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒன்றாகாவிட்டால் இரண்டு பேரும் திரும்ப அளப்போம். அவருடைய எண் பிழையாக இருந்த நாளும் உண்டு. அப்போதும் அதே தலையாட்டல்தான். மத்தியானம் ரெசின் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிடுவார். சீலன் கேட்பான், "மிஸ், படம் கீறிறவைக்குக் கதிரை இல்லையோ?" அவர், "கதிரையிலை இருந்தால் போட் தெரியாது," என்பார்.

நெடுந்தீவுப் போட் அவர் முழுதாகத் தனியே கீறிய முதல் படம். அடி, ஆழமான வீ வடிவம். வேகப் போட் வெளியிலிருந்து வர வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலாளிக்கும் அரைமனம்தான். இராசன் வந்து கேட்ட பிறகுதான் சம்மதித்தார்.

இராசன் அதுவரை தன் வள்ளத்தில்தான் நோயாளிகளைக் கொண்டுவந்தான். மீன் பிடிக்கிற வள்ளம், சின்ன இஞ்சின். யார்ட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தான். விளங்கியதோ தெரியாது.

"என்ரை வள்ளத்திலை ஒரு மணித்தியாலத்துக்கு மேலை பிடிக்கும். பாம்பு கடிச்சவனுக்கு அது கனக்க, அண்ணை," என்றான்.

ஐப்பசியில் தொடங்கினோம். அச்சை மெழுகால் எட்டுத் தரம் துடைத்தோம். முதலில் வெளிப்பூச்சு. அதற்கு மேல் மெல்லிய மற், பிறகு தடித்த மற், பிறகு நெய்த துணி. மற் என்பது கண்ணாடி நாரால் செய்த விரிப்பு. ஒவ்வொன்றையும் ரெசினால் நனைத்து, காற்றுக் குமிழி போகும்வரை றோலரால் உருட்ட வேண்டும். அடிப்பக்கம் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது படை. ஏராவில், அதாவது அடியின் நடுமுதுகில், பன்னிரண்டு. ஒவ்வொரு படைக்கும் மிஸ் ஒரு அட்டையில் நேரம், ரெசின் அளவு, அன்றைய சூடு எல்லாம் எழுதுவித்தார். அட்டையின் கடைசிப் பெட்டி: அச்சில் இருந்த நாட்கள்.

அது பத்து என்பது மிஸ்ஸின் சட்டம். ரெசின் ஒரு நாளில் கல்லு மாதிரித்தான் இருக்கும். தட்டினால் சத்தம் வரும். ஆனால் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். மழைக் காலத்தில் அது மெல்ல நடக்கும். அச்சுக்குள் இருக்கும்போதே உள்ளே நீளத் தாங்கு கட்டைகளை ஒட்டி, அவையும் இறுகின பிறகுதான் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் போட் படுக்கிற படுக்கையின் வடிவத்தை எடுத்துவிடும்.

கடைசிப் படை முடிந்த அடுத்த நாள் மிஸ் கொழும்புக்குப் போனார். இஞ்சின் பொறுப்பெடுக்க. வர ஒன்பது, பத்து நாள் ஆகும்.

அப்போது கார்த்திகை முடியப்போகிறது. மார்கழி பிறந்தால் எங்கள் ஆட்கள் நல்ல காரியம் ஒன்றும் செய்ய மாட்டார்கள். வீடு குடிபுக மாட்டார்கள், போட் இறக்க மாட்டார்கள். அச்சிலிருந்து போட்டை எடுப்பதை நாங்கள் பிறக்கிறது என்போம். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, பேர் சொல்லி எடுப்பது. மார்கழியில் பிறந்த போட் என்று யார் ஏறுவான்? தை வரை அச்சில் விட்டால் அடுத்த போட் வேலை தொடங்க முடியாது. ஆறு பேர் ஒரு மாதம் சும்மா இருக்க வேண்டும்.

கார்த்திகையின் கடைசி நல்ல நாள், கடைசிப் படை முடிந்து ஆறாம் நாளில் விழுந்தது.

யாரும் என்னை நெருக்கவில்லை. முதலாளி, "நீ பாத்துச் செய், தவம்," என்றார். அவ்வளவுதான். நான் போய் அடியைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாக இருந்தது. முன்பக்கத் தாங்கு கட்டைகள் ஒட்டியாகிவிட்டன. பின்பக்கத்தவை முதல் நாள்தான் ஒட்டியது.

"எடுப்பம்," என்றேன்.

ஆப்பு வைத்து, இடைவெளிக்குள் தண்ணீர் விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டினோம். டக் என்று விட்டது. நல்ல சத்தம். எல்லோருக்கும் சந்தோஷம். போட்டின் வடிவத்துக்கு வெட்டிய படுக்கை இன்னும் செய்யவில்லை. இரண்டு தென்னங்குற்றி போட்டு, சாக்கு விரித்து, அதன்மேல் வைத்தோம். பின்பக்கம் நாலடி குற்றிக்கு வெளியே நீண்டு நின்றது. மாலை போட்டோம். சீலன் படம் எடுக்க வேண்டும் என்றான். எட்டுப் பேர் பின்பக்கம் ஏறி நின்று படம் எடுத்தோம். நானும் நின்றேன்.

அன்று பின்னேரம் தொடங்கிய மழை இரண்டு நாள் விடவில்லை. யார்ட்டுக்கு யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் நானும் சீலனும் போய்ப் பார்த்தோம். போட்டில் தண்ணீர் வெளியேறும் துளை இன்னும் போடவில்லை. மழைத்தண்ணீர் எல்லாம் பின்பக்கம் சேர்ந்து நின்றது. என் முழங்கால் அளவு.

வாளியால் இறைத்தோம். நூறு வாளிக்கு மேல் வரும். இறைத்து முடித்துக் குனிந்து பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை, அண்ணை," என்றான் சீலன்.

"ஓம்," என்றேன்.

மிஸ் வந்தபோது போட் வெளியே இருந்தது.

"எடுத்திட்டியள்?"

"நேரம் பாத்துத்தான் எடுத்தம், மிஸ்."

பொய் இல்லை. பதிலும் இல்லை.  நான் பத்து நாளைத்தான் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அட்டையின் கடைசிப் பெட்டியை நான் நிரப்பவில்லை. வேலையோடு வேலையாக அவரும் கேட்கவில்லை. தை வெயிலில் போட் நன்றாக இறுகியது. மேல்தளம் ஏற்றினோம், இஞ்சின் பூட்டினோம். மாசியில் குறிகட்டுவான்.

அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

பரிசோதகர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. முதலாளியைத் தனியே கூப்பிட்டு, "கோடு பிழையான மாதிரித் தெரிகிறது. பங்குனி முடிவதற்குள் சரி செய்யாவிட்டால் திட்டம் வேறு யார்ட்டுக்குப் போய்விடும்," என்றார். வேறு யார்ட் என்றால் அடுத்த வருஷம்.

கோடு என்றால் மிஸ்ஸின் படம். எனக்கு அடுத்த நிமிடமே தென்னங்குற்றி ஞாபகம் வந்தது. மழைத்தண்ணீர் ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போர்மன் ஆன நாளிலிருந்து நான் எடு என்றால் எடுத்தார்கள், வை என்றால் வைத்தார்கள். அதை விட மனம் வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

போட்டை யார்ட்டுக்குக் கொண்டுவந்தோம். மிஸ் தன் கணக்கைச் சந்தேகித்தார். பாரம் முன்னுக்குக் கூடிவிட்டதோ என்று போட்டில் இருந்த சாமான் எல்லாவற்றையும் கழற்றி நிறுப்பித்தார். மருதனார்மடம் சந்தையில் மரக்கறி மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றை இரவலாகக் கொண்டுவந்தோம். பற்றறி, ஒட்சிசன் சிலிண்டர், நங்கூரம், ஸ்ரெச்சர், மாமா. ஒவ்வொன்றும் அவர் எழுதிய நிறைதான். ஒரு கிலோ பிசகவில்லை. தராசுக்காரன் வந்து, "கத்தரிக்காய் நிறுக்கிற தராசிலை கப்பல் நிறுக்கிறியள்," என்றான்.

பற்றறிகளைப் பின்னுக்கு மாற்றினோம். யார்ட்டுக்கு முன்னாலேயே கடலில் இறக்கித் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். இருபத்தைந்து. முன்பக்கம் அதே குனிவு.

அன்று மத்தியானம் சீலன் என்னிடம் வந்தான். றோலர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, மழைத்தண்ணியாலையோ?"

நான் கழுவினேன்.

"நாங்கள் சொல்லாட்டி ஆருக்கும் தெரியாது."

றோலர் சுத்தமாகிவிட்டது. நான் இன்னும் கழுவிக்கொண்டிருந்தேன். சீலன் போய்விட்டான்.

நாலாம் நாள் இராசன் தீவிலிருந்து வந்தான். காலை வள்ளத்தில் வந்து, பஸ் ஏறி, யார்ட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. மிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழும்பினார். நான் பக்கத்தில் இஞ்சின் மூடி பூட்டிக்கொண்டு நின்றேன்.

"இராசன் அண்ணை, என்ரை கணக்கு எங்கையோ பிழைச்சுப் போச்சு. எங்கை எண்டு எனக்குத் தெரியேல்லை. படத்தைத் திருப்பி எடுக்கிறன் எண்டு முதலாளிக்குக் கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். நீங்கள் மன்னிக்கோணும்."

"அப்ப போட் இல்லையோ?"

"இந்த வருசம் இல்லை."

 இராசன் போட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு, "தீவுக்குப் போற பின்னேர லோஞ்சுக்குப் போகோணும். வாறன், மிஸ்," என்றான்.

அவன் வாசலுக்குப் போவதற்குள் நான் சொன்னேன்.

"மிஸ், ஒருக்காக் கீழை பாப்பம்."

"என்னத்தை?"

"பின்பக்க அடியை."

அவர் என்னைப் பார்த்தார்.  ஆறடி அலுமினிய மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு போட்டுக்குக் கீழ் போனார். மல்லாந்து படுத்தார். நான் ரோச் பிடித்தேன். மட்டப்பலகையை ஏராவுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் அடியோடு சேர்த்துப் பிடித்தார். மறுபக்கம் ரோச் வெளிச்சம். பலகை ஒட்டி இருந்தால் வெளிச்சம் தெரியாது. முன்னுக்குத் தெரியவில்லை. பின்னுக்கு வரவர ஒரு கோடு விழுந்தது. நடுவில் அகன்றது. கடைசியில் திரும்ப மறைந்தது. அடி அந்த இடத்தில் உள்வளைந்து, பின்நுனி கீழே தொங்கியிருந்தது. ஓடும்போது அந்த நுனி தண்ணீரில் பட்டுப் பின்பக்கத்தைத் தூக்கும். பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் குனியும்.

"ட்றில் ஊசிப் பெட்டியைத் தாங்கோ," என்றார்.

இடைவெளி அளக்க எங்களுக்கு அதுதான் கருவி. மெல்லிய ஊசியிலிருந்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பது. போகாத ஊசிக்கு முந்தினதுதான் அளவு. அவர் அளந்தார். உள்ளங்கையில் பேனையால் எழுதிக் கையை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்கள் போங்கோ."

நான் படுத்தேன். மூன்று போனது. நாலு போனது. ஐந்து போனது. ஆறு கொஞ்சம் இறுக்கமாகப் போனது. ஏழு போகவில்லை. திரும்ப ஆறை நுழைத்தேன். இரண்டு என்று சொன்னால் உரஞ்சிச் சரி செய்யலாம், பெரிய விஷயம் இல்லை என்று ஆகிவிடும். அவர் கையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த எண்ணம் வந்தது. முதுகுக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது.

வெளியே வந்தேன். அவர் கையை மூடியபடி நின்றார்.

"உங்கடை எண் முதல்."

"ஆறு மில்லிமீற்றர்."

கையைத் திறந்தார். ஆறு.

தலையாட்டவில்லை. அட்டையைக் கொண்டுவந்தார். கடைசிப் பெட்டியைப் பார்த்தார். பேனையை என்னிடம் நீட்டினார்.

"அச்சிலை எத்தினை நாள், அண்ணை?"

"ஆறு." எழுதினேன். எழுதிக்கொண்டே சொன்னேன். மார்கழி, குற்றி, எட்டுப் பேர் நின்று படம் எடுத்தது, மழைத்தண்ணீர். எனக்கு அது நீளமான பேச்சு. "மற்றவையிலை குற்றம் இல்லை. எடு எண்டது நான். உங்கடை கோட்டிலை பிழை இல்லை."

அவர் போட்டின் பக்கம் திரும்பி நின்றார். தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு திரும்பினார். முகம் கழுவினது மாதிரி இருந்தது.

"நாலு நாள், அண்ணை," என்றார். "நாலு நாளா நான் கத்தரிக்காய்த் தராசிலை நிறுத்துக்கொண்டு நிண்டனான்."

"ஓம், மிஸ்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

வாசலில் இராசன் நின்றான். அவன் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"அப்ப போட் இருக்கோ?" என்றான்.

மிஸ் சொன்னார், "இருக்கு. பின்னேர லோஞ்சுக்குப் போங்கோ."

முதலாளி அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். "வாங்கின ரெசின் பழுது எண்டு சொல்லுவம். கடைக்காரனிலை போடுவம்," என்றார். நான் மாட்டேன் என்றேன். "தோட்டக்காரன் தோட்டக்காரன்தான்," என்றார். ஆனால் கோபத்தில் இல்லை. அடுத்த நாள் நானே பரிசோதகருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.  "எழுதிக்கொள்கிறேன்," என்றார். எழுதியிருப்பார்.

திருத்த வேலை பதினெட்டு நாள். இஞ்சின் இறக்கி, சங்கிலிக் கப்பியால் தூக்கி, போட்டைக் கவிழ்த்தோம். பின்பக்க அடியில் பூச்சை முழுக்க உரஞ்சி, உள்ளே இருக்கும் கண்ணாடி நாரைத் தெரிய வைத்தோம். பள்ளத்தைப் பசையால் மெழுகி மறைக்கலாம். பலர் அப்படிச் செய்வார்கள். வேகத்தில் அடிபட்டால் அது கழன்றுவிடும். மிஸ் மற்றாலேயே நிரப்பச் சொன்னார். ஆழமான இடத்தில் முதல் சின்னத் துண்டு. அதை மூடி அதைவிடப் பெரியது. அதை மூடி இன்னும் பெரியது. நாளுக்கு இரண்டு படைக்கு மேல் இல்லை. பிறகு நாலடி நீளக் கட்டையில் உரைத்தாள் ஒட்டி, இரண்டு பேர் இரண்டு நுனியைப் பிடித்து, குறுக்குச் சாய்வாக உரஞ்சினோம். மெஷின் தொட விடவில்லை. மெஷின் பள்ளம் தோண்டும்.

நானும் சீலனும் ஒரு கட்டை பிடித்தோம்.

"அண்ணை, மார்கழியிலை பிறந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை," என்றான்.

"உரஞ்சு."

"எனக்கும் மார்கழிதான். என்னிலை என்ன குறை?"

"வாய்."

மிஸ் அந்தப் பக்கம் நின்றவர் சிரித்தார். மழைத்தண்ணீர்க் கதைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அதுவரை என்னோடு வேலையை மட்டும் கதைத்தார். அன்று மத்தியானம் இன்னொரு வாளியைக் கவிழ்த்து, "இருங்கோ, அண்ணை," என்றார். அவருடைய அம்மா கட்டிக் கொடுத்த மாங்காய்ச் சம்பல். நல்ல உறைப்பு.

உரஞ்சி முடித்த பிறகு மட்டப்பலகை வைத்தோம். அவர் ஒரு இடத்தில் அரை மில்லிமீற்றர் கண்டார். நான் காணவில்லை. திரும்ப அளந்தோம். அவர் சரி. இன்னும் ஒரு நாள் உரஞ்சினோம். பிறகு போட்டின் அடி வடிவத்துக்கு வெட்டிய மரப்படுக்கை செய்து, அதில்தான் திருப்பி வைத்தோம். அடிக்கு இடைவெளி இல்லாமல்.

பங்குனி நடுவில் திரும்பக் குறிகட்டுவான். இந்த முறை மிஸ் என்னைப் பார்த்து, "ஏறுங்கோ," என்றார்.

"நீந்தத் தெரியாது, மிஸ்."

"போட் தாழாது. நீங்கள்தானே கட்டினது."

பாதுகாப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். இராசன் இஞ்சினைத் திறந்தான். முன்பக்கம் எழும்பியது. முதலில் வானம் மட்டும் தெரிந்தது, பிறகு கொஞ்சம் இறங்கி நேராக நின்றது. அடியில் தண்ணீர் உரசும் சத்தம் மாறியது. துணி கிழிகிற மாதிரி ஒரே சத்தம். முகத்தில் ஒரு துளி விழவில்லை. திரும்பும்போது அலை பின்னால் வந்தது. போட் அதன் மேல் ஏறி இறங்கியது, திரும்பவில்லை. மாமா கட்டிய இடத்திலேயே கிடந்தார்.

பரிசோதகர் பெட்டியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். முப்பத்தொன்று.

மிஸ் கையெழுத்துப் போட்டார்.  இப்போது அவருக்கு வெளிநாட்டில் வேலை. தைப்பொங்கலுக்குப் போன் எடுப்பார். "உங்கடை எண் முதல்," என்பார். நான் என் இரத்த அழுத்தத்தைச் சொல்வேன்.

அன்றிலிருந்து யார்ட்டில் அச்சிலிருந்து எடுக்க நாள் பார்ப்பதில்லை. அட்டையைத்தான் பார்ப்பது. தேங்காய் உடைக்கிறோம். அதை விடவில்லை. புதிதாக வந்தவர்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

போட் ஒப்படைத்து ஒன்பதாம் நாள் விடியற்காலை இராசன் போன் எடுத்தான். காற்றுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

"தவம் அண்ணை, முதல் ஆள் கொண்டுவந்திட்டன். எங்கடை ஊர் வாத்தியார். நெஞ்சு நோ. அம்புலன்சிலை ஏத்தியாச்சு."

"ஆள் எப்பிடி?"

"கதைச்சுக்கொண்டுதான் போறார். இவ்வளவு வேகம் கூடாது எண்டு எனக்கு ஏச்சு."

"எவ்வளவு நேரம் ஓடினனீ?"

அவன் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறான். தயங்காமல் சொன்னான்.

பதினான்கு நிமிடம்.